அயல்நாட்டில் ஓர் ஆங்கில ஆசான்



ஆங்கிலம் கற்பித்து அயல்நாட்டில் பொருள் ஈட்ட விழையும் இளைஞர் இக்காலத்தில் பலர். எந்நாடு செல்வது, ஊதியம் எவ்வளவு என்னும் இரண்டையே அவர்கள் என்னிடம் கேட்கின்றனர். மூன்றாவது வினா ஒன்றும் உண்டு. அவ்வேலை எதற்காகத் தரப்படுகிறது, எதுவரை நிலைக்கும் என்பதே அது. ஜப்பான் நாட்டு வரலாற்றில் இருவர் வாழ்க்கை அதற்கு விடை கூறுகிறது.

முதல்வர் ரானல்ட் மக்டானல்டு. தந்தை ஸ்காத்லாந்துக்காரர், தாய் வட அமெரிக்கச் சினூக் பழங்குடியைச் சார்ந்தவர். ஜப்பான் அயலாருக்குக் கதவடைத்திருந்த காலம் அது. 1848-இல் அவர் திமிங்கில வேட்டைக் கப்பலொன்றிலிருந்து சிறு படகில் தாமாகவே பிரிந்து, வடகோடித் தீவொன்றில் கரையேறினார். அவரை நாகசாகிக்குக் கொண்டுசென்று காவலில் வைத்தனர். அங்கிருந்த அரசாங்க மொழிபெயர்ப்பாளர் டச்சு மொழி வல்லவர். அவர்களுள் 14 பேர் அக்கைதியிடம் ஆங்கிலப் பாடம் கேட்டனர். 1849-இல் அமெரிக்கக் கப்பலொன்று அவரை மீட்டுச் சென்றது. 1854-இல் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெரி உடன்படிக்கை பேச வந்தபோது மொழிபெயர்த்தவருள் ஒருவர், அப்பதினால்வருள் ஒருவரான மோரியாமா எய்னோசுகே.

கதவு திறந்தது, நிலைமையும் மாறிற்று. 1868-இல் தொடங்கிய மெய்ஜி ஆட்சி, மேனாட்டு வல்லுநரைப் பெரும் ஊதியம் கொடுத்து அமர்த்திற்று. ஆயினும் அவர்களை என்றென்றும் வைத்துக்கொள்வது அதன் நோக்கமன்று. கற்கவேண்டியதைக் கற்றபின் தம்மவரையே அவ்விடங்களில் அமர்த்த அது கருதிற்று.

இந்நிலையில் 1890-இல் ஜப்பான் வந்தவர் லாப்காடியோ ஹெர்ன். கிரேக்கத் தீவொன்றில் பிறந்தவர். ஒரு கண் பார்வையற்றவர். அமெரிக்க இதழ் நிறுவனத்திற்குக் கட்டுரை எழுத வந்த அவர், அத்தொடர்பை விரைவில் முறித்துக்கொண்டார். பிழைக்க வழி வேண்டுமே! பேசில் ஹால் சேம்பர்லின் என்னும் அறிஞர் துணையால் மாட்சுவே நகரப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்தது. மாதம் 100 யென். கொய்சுமி செட்சு என்னும் பெண்மணியை மணந்தார். அவருடைய உறவினரையும் தாங்கவேண்டியிருந்தது. ஆகவே 1891-இல் 200 யென் ஊதியத்திற்குக் குமமோட்டோ சென்றார்.

மனைவி மக்களின் உரிமையைக் காக்கும் பொருட்டு 1896-இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்று, கொய்சுமி யாகுமோ என்று பெயர் பூண்டார். அவ்வாண்டே டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகம் அவரை ஆங்கில இலக்கிய விரிவுரையாளராக அமர்த்திற்று. ஆனால் 1903-இல் அப்பணி முடிவுற்றது. மாணவர் திரண்டு மறுப்புத் தெரிவித்தும் பயனில்லை. அவ்விடத்திற்கு வந்தவருள் ஒருவர் இலண்டனில் பயின்று திரும்பிய நட்சுமே சோசெகி; பின்னாளில் ஜப்பானின் பெரும் நாவலாசிரியர். மறு ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஹெர்ன் காலமானார்.

இதனைக் கொடுமை என்பவர் உண்டு. குடும்பத்தைத் தாங்கிய ஒருவருக்கு அது கொடுமையே. ஆனால் ஒரு நாடு தன் மாணவரைத் தன் ஆசிரியரைக் கொண்டே பயிற்ற விரும்புவதைக் குற்றம் என்பது எங்ஙனம்? அயல்நாட்டு ஆசான் தன் கடமையைச் செவ்வனே செய்தால், தன்னை வேண்டாத காலத்தை அவனே விரைவுபடுத்துகிறான். 1987-இல் ஜப்பானிய அரசு நான்கு நாடுகளிலிருந்து 848 இளைஞரை வரவழைத்துத் தொடங்கிய திட்டத்திலும், ஒருவர் பணியாற்றக்கூடிய காலம் ஐந்தாண்டுகளுக்கு மேற்படுவதில்லை.

ஹெர்ன் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். மாணவர் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்வர். அவர் மறைந்தபின் அக்குறிப்பேடுகளிலிருந்தே அவருடைய விரிவுரைகள் 1915-இல் நியூயார்க்கில் நூலாயின. ஊதியம் உடன்படிக்கையோடு முடிந்தது. மாணவர் கையெழுத்தோ நின்றது. அயல்நாடு செல்லும் இளைஞர் ஊதியத்தைத் தெளிவாகப் பேசிக்கொள்ளட்டும். திரும்பும் நாளுக்கெனப் பொருள் சேர்க்கட்டும். ஆயினும் அங்கு அவர் விட்டுவரக்கூடியது மாணவர் ஒருவரே என்பதை மறவாதிருப்பாராக.