தோல் வியாபாரிக்கு லண்டனில் என்ன வேலை?

ஆம்பூரில் வரலாற்று ஆசிரியராக இருந்தபோது ஒருநாள் வட்டமேஜை மாநாடு பாடம் நடத்தினேன். 1931இல் காந்தியோடு லண்டனில் உட்கார்ந்தவர்களில் சென்னைத் தோல் வியாபாரி ஜமால் முகமது சாகிபும் ஒருவர் என்றேன்.

கடைசி பெஞ்சில் தோல் ஷாப் தொழிலாளியின் மகன் எழுந்தான். "தோல் விக்கிறவருக்கு அங்க என்ன சார் வேலை?"

நல்ல கேள்வி. 1919இல் ஆங்கில அரசு பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டது. ஆனால் அந்தத் தோலைப் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் பதனிட்டால் வரியில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பக் கிடைக்கும். 1923இல் வரியே 5 சதவீதமாகிவிட்டது. பச்சைத்தோல் கப்பலேறினால் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிடும் நம் ஊர்க்காரருக்கு வேலை ஏது? நம் கூலியை டெல்லியும் லண்டனும் தீர்மானித்தன. அதனால்தான் வியாபாரி அரசியலுக்குப் போக வேண்டியிருந்தது. ஜமால் முகமது அங்கே இந்திய வணிகர்களின் பிரதிநிதி.

1949இல் அவர் காலமானார். 1951இல் திருச்சியில் தொடங்கிய கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கேள்வி கேட்ட பையன் பத்தாவதோடு நின்று தோல் ஷாப்புக்கே போனான். போன மாதம் பஜாரில் பார்த்தேன். மகள் பி.காம். படிக்கிறாளாம்.

"வரிக்கணக்கு அவளாவது தெரிஞ்சுக்கட்டும் சார்" என்றான்.