உப்பின பேட்டரியும் ஒரு கொசுவத்தியும்

போன வாரம் என் பழைய ஸ்மார்ட்போன் டிஸ்ப்ளே ஒரு ஓரமா தூக்கிக்கிச்சு. "பேட்டரி உப்பிடுச்சு சார், சார்ஜ் போடாதீங்க"ன்னார் அம்பத்தூர் கடைக்காரர். உடனே கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிடுச்சு மக்களே!

2007 ஆகஸ்ட் 14. பிஎல்-5சி பேட்டரிகள்ல 4 கோடியே 60 லட்சம் சார்ஜ் ஏறும்போது சூடாகலாம்னு நோக்கியா அறிவிச்சது. 2005 டிசம்பர்லேர்ந்து 2006 நவம்பர் வரைக்கும் ஜப்பானின் மட்சுஷிடா தயாரிச்சவை. உலகம் முழுக்க வந்த புகார் சுமார் 100தான். ஆனா நம்மூர்ல போன் வெடிக்கும்னு ஒரே பீதி. இத்தனைக்கும் பூந்தமல்லி தாண்டினா ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஆலையே ஓடிட்டிருந்த காலம் (2014ல மூடிட்டாங்க, அது தனி சோகம்).

அன்னிக்குப் பின்மூடியைக் கழட்டி, பேட்டரியில இருந்த 26 இலக்க எண்ணைச் சரிபார்த்தோம். உப்பல் வேற கதை. உள்ளே ரசாயனம் சிதைஞ்சு வாயு சேர்றது. அதுக்கும் வைத்தியம் கைவசம் இருந்துச்சு. பேட்டரியை மேசையில வெச்சு சுண்டிவிடுவோம், பம்பரமா சுத்தினா உப்பிடுச்சுன்னு அர்த்தம் :-)

இப்போ பேட்டரியை உள்ளே ஒட்டி மூடிடறாங்க. எங்கே சுண்டறது? ஒரு மாசமா அதைத் தலையணைக்குப் பக்கத்துல சார்ஜ் போட்டுத் தூங்கியிருக்கேன்!

புதுசு மாத்தியாச்சு. கழட்டினதைக் குத்தாம, அழுத்தாம, மணல் டப்பாவுல போட்டார் கடைக்காரர். அதுல ஏற்கெனவே நாலஞ்சு கிடந்துச்சு.