முங்கின நாட்டுக்கு ஒரு மேப்பு

இந்த வருஷம் என் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்கள் பெரும்பாலும் சொத்தவிளைக் கடற்கரையில் கழிந்தன. கையில் கடலைப் பொட்டலம், மடியில் புத்தகம். சில மாதங்களாக மிகைபுனைவும் அறிவியல் புனைவும் மட்டும்தான் வாசிப்பு. உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ தீவுகளைச் சுற்றி முடித்துவிட்டு டோல்கீனின் 'சில்மரில்லியன்' நூலுக்குள் போயிருந்தேன். அதில் நூமெனோர் என்று ஒரு தீவு வருகிறது. சாவை வெல்ல ஆசைப்பட்ட அதன் அரசன் விலக்கப்பட்ட மேற்குத் திசைக்குக் கப்பல் ஓட்டுகிறான். தீவு மொத்தமும் கடலுக்குள் போகிறது.

பக்கத்தில் இருந்த கூட்டுக்காரன் கேட்டான்: "என்னலே படிக்க?"

"ஒரு தீவு கடல்ல முங்குன கதை மக்கா."

"அது நம்ம குமரிக்கண்டம்லா?"

சிரித்தேன். ஆனால் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. வயல்வெளிகளின் மேல் ஒரு பெரிய அலை எழுந்து வரும் கனவு டோல்கீனுக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அந்தக் கனவிலிருந்துதான் நூமெனோர் வந்தது. அதை எந்த ஊரிலும் பிள்ளைகளுக்கு வரலாறாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் நான் குமரிக்கண்டத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தேன், பரீட்சையிலும் எழுதினேன். மூழ்கிய நிலம் ஒரு இடத்தில் கதையாகவும் இன்னொரு இடத்தில் பாடமாகவும் ஆனது எப்படி?

1864-இல் ஃபிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளருக்கு ஒரு சந்தேகம். லெமூர்களும் அவற்றின் உறவுக்கார விலங்குகளும் மடகாஸ்கரில் இருக்கின்றன, இந்தியாவிலும் இருக்கின்றன. நடுவில் கடல். அப்படியானால் ஒரு காலத்தில் அங்கே நிலம் இருந்திருக்க வேண்டும் என்று யூகித்தார். அந்த நிலத்துக்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். கண்டங்கள் நகரும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. ஆகவே அது நியாயமான யூகம்தான். 1960-களில் தட்டு நகர்வுக் கோட்பாடு நிலைபெற்ற பிறகு அப்படி ஒரு நிலத்துக்கான தேவையே இல்லாமல் போனது. நடுவில் நிலம் மூழ்கவில்லை. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டியிருந்து, கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால், மனிதன் தோன்றுவதற்கு வெகு முன்பே, பிரிந்து போயின.

அதற்குள் லெமூரியா விஞ்ஞானிகளின் கையை விட்டு ஊர் சுற்றக் கிளம்பியிருந்தது. பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி 1888-இல் 'இரகசியக் கோட்பாடு' நூலில் அங்கே முட்டையிலிருந்து பிறந்த ஆதி மனித இனத்தைக் குடியேற்றினார். 1904-இல் ஸ்காட் எலியட் வரைபடமே வெளியிட்டார். அங்கிருந்து அது அமெரிக்காவின் மலிவுவிலைப் பத்திரிகைகளுக்குப் போனது. 1945 மார்ச்சில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழில் ரிச்சர்ட் ஷேவர் எழுதிய லெமூரியா கதை வந்தது. பத்திரிகை ஆசிரியர் அதை உண்மை என்றே விளம்பரப்படுத்தினார். எதிர்த்துக் கிளம்பியவர்கள் பேராசிரியர்கள் அல்ல, அறிவியல் புனைவு ரசிகர்கள். கதையைக் கதையாகத் தா, உண்மை என்று ஏமாற்றாதே என்பதுதான் அவர்கள் கோபம். எனக்கு இந்த ரசிகர்களை ரொம்பப் பிடித்திருக்கிறது. 1965-இல் லின் கார்ட்டர் லெமூரியாவில் ஒரு வாள்வீரனை இறக்கி நாவல் எழுதினார். யாரும் சண்டைக்குப் போகவில்லை. கதை தன் அலமாரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

தமிழில் நடந்தது வேறு. கடல் கொண்ட நிலம் நம்மிடம் ஸ்க்லேட்டருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்தது. இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களையும் கடல்கோளையும் சொல்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் நடுவே 700 காவதம் என்று அளவு சொல்லி, 49 நாடுகளையும் வரிசைப்படுத்துகிறார். தெங்க நாடு ஏழு, மதுரை நாடு ஏழு, முன்பாலை ஏழு, பின்பாலை ஏழு, குன்ற நாடு ஏழு, குணகாரை ஏழு, குறும்பனை ஏழு. எந்த மிகைபுனைவு எழுத்தாளரும் பொறாமைப்படும் உலகக் கட்டுமானம் இது.

களவியல் உரையை சி.வை. தாமோதரம் பிள்ளை 1883-இல் அச்சிட்டார். அடியார்க்குநல்லார் உரையோடு சிலப்பதிகாரத்தை உ.வே.சா. 1892-இல் கொண்டுவந்தார். லெமூரியா உலகம் சுற்றிக்கொண்டிருந்த அதே காலம். இரண்டும் ஒட்டிக்கொண்டன. செல்லரித்த ஏடுகளிலிருந்து நூல்களை ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டிருந்த தலைமுறை அது. போன நூல்கள் எத்தனை என்ற துக்கம் அவர்களுக்கு நிஜமாக இருந்தது. தமிழுக்குத் தனி வரலாறு உண்டா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லவும் வேண்டியிருந்தது. அந்தத் துக்கத்துக்கு ஒரு கண்டம் அளவு இடம் கிடைத்தது. 1966-இல் தேவநேயப் பாவாணர் மனிதகுலமே அங்கே தோன்றியது என்று எழுதினார். 1981-இல் மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் குமரிக்கண்டம் பற்றிய ஆவணப்படம் காட்டப்பட்டது. அவர்களை எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை. ஆனால் நல்ல கதை ஒன்று சாட்சிக்கூண்டில் ஏற்றப்பட்டுவிட்டது. கூண்டில் ஏறியதும் அதன் அழகைக் கேட்பதற்கு ஆளில்லை. ஆதாரம் உண்டா இல்லையா என்பது மட்டும்தான் பேச்சு.

கடல் நிலத்தைத் தின்றதே இல்லையா என்றால், தின்றிருக்கிறது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 வருஷங்களுக்கு முன்னால், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. குமரிமுனை அப்போது இன்னும் தெற்கே நீண்டிருக்கும். கண்டம் அளவுக்கு அல்ல.

இதையெல்லாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உற்சாகமாகக் கூட்டுக்காரனிடம் சொன்னேன். அவன் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அவன் கடற்கரை ஊர்க்காரன். நான் உள்ளே, வயக்காட்டு ஊர். கடைசியில் சொன்னான்: "முங்குன நாட்டுக்கு மேப்பு போட்டிருக்காவ. எங்க ஊருல கடலு எதுவர ஏறிச்சுன்னு ஒரு கல்லாவது நட்டாவளா?"

2004 டிசம்பர் 26-உம் ஞாயிற்றுக்கிழமைதான். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் ஊருக்குத் தண்ணி வரவில்லை, சேதிதான் வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலத்தை அலை பெயர்த்து எறிந்தது. கடல்கோள் என்ற சொல் ஆயிரம் வருஷத்துக்கு மேல் நம் மொழியில் இருக்கிறது. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. சுனாமி என்ற ஜப்பான் சொல்லை டிவி பார்த்துக் கற்றோம். பெருமைக்காக மனப்பாடம் செய்த சொல், தேவைப்பட்ட நாளில் உதவவில்லை.

குமரிக்கண்டத்துக்காகக் கண்ணீர்விட்ட கட்டுரைகளில் கடலோரத்து ஆட்கள் இருப்பதில்லை. அலைக்கு முன்னால் கடல் எப்படி இருந்தது, எந்தத் திசையில் ஓடியவர்கள் பிழைத்தார்கள் என்று அவன் அம்மைக்குத் தெரியும். கேட்டு எழுதியிருந்தால் அது வரலாறு. பக்கத்து ஊர்க்காரனான நான் இருபது வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அடியார்க்குநல்லாரின் 49 நாடுகளை வைத்து யாராவது ஒரு மிகைபுனைவு நாவல் எழுத வேண்டும். எழுதினால் முதல் ஆளாக வாங்குவேன். ஆனால் அதற்கு முன் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. குளச்சலுக்கு மேற்கே இன்றைக்கும் குறும்பனை என்று ஒரு மீனவ ஊர் உண்டு. அந்தக் குறும்பனை நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் யாரிடமும் கேட்கப்போவதில்லை. வர்ற ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு, கூட்டுக்காரன் வீட்டுக்குப் போய் அவன் அம்மையிடம் அந்தக் காலையைப் பற்றிக் கேட்க வேண்டும். அவள் சொன்னால் எழுதிக்கொள்வேன். சொல்ல மனமில்லை என்றால் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன்.