மெழுகுவத்தியிலிருந்து பலூனுக்கு...

ஒரு வாய் சோறு தொண்டையைத் தாண்டி இரைப்பைக்குப் போய்ச்சேர சில விநாடிகள்தான். அதைப் பற்றி நீங்களும் நானும் யோசிப்பதே இல்லை. சாப்பிடும்போதெல்லாம் அதைப் பற்றியே யோசிக்க வேண்டிய குழந்தைகள் இருக்கிறார்கள். முறுக்கு, சப்பாத்தியை விடுங்கள். குழைய மசித்த சாதமே இறங்காது. சில நாட்களில் சொந்த எச்சிலைக்கூட விழுங்க முடியாது, பாவம்!

நோயின் பெயர் 'எபிடெர்மோலைசிஸ் புல்லோசா'. 1886-ல் கோப்னர் என்கிற ஜெர்மன் தோல் மருத்துவர் வைத்தது. பெயர்தான் வாயில் நுழையாது, விஷயம் சுலபம். நம் தோலின் மேலடுக்கையும் கீழடுக்கையும் நுண்ணிய புரத இழைகள் சேர்த்துத் தைத்து வைத்திருக்கின்றன. இந்தக் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அந்தத் தையலில் கோளாறு. தையல் விட்டுப்போன லைனிங் துணி போல, லேசாகத் தேய்த்தாலே மேல்தோல் நழுவிக் கொப்புளம் கிளம்பும். 'வண்ணத்துப்பூச்சிக் குழந்தைகள்' என்று மேல்நாடுகளில் சொல்கிறார்கள். தொட்டால் உதிர்கிற இறக்கை!

நோய் கடுமையாக இருந்தால் உணவுக்குழாயின் உட்புறமும் இதே கதைதான். சாப்பாடு உரசிப் போனால் கொப்புளம். அது ஆறினால் தழும்பு. தழும்பு சுருங்கினால் குழாய் குறுகும்.

சரி, குழாய் அடைத்துக்கொண்டால் நாம் என்ன செய்வோம்? குச்சியை விட்டுக் குத்துவோம். மருத்துவமும் 300 வருடங்களுக்கு அதைத்தான் செய்தது! சாப்பாடு இறங்காமல் தவித்த ஒருவருக்கு, திமிங்கலத்தின் வாயிலிருந்து எடுத்த வளையும் தகட்டின் நுனியில் பஞ்சு உருண்டையைப் பொருத்திக் கொடுத்தார், இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ். அந்த ஆள் ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டுவிட்டு, அந்தக் குச்சியால் தானே உள்ளே தள்ளிக்கொண்டு, 15 வருடங்களுக்கு மேல் வாழ்ந்திருக்கிறார். 1674-ல் வெளிவந்த தன் நூலில் வில்லிஸே இதைச் சொல்கிறார்.

இப்படிக் குழாயை விரிக்கும் குச்சிக்கு டாக்டர்கள் இன்றும் சொல்கிற பெயர் 'பூஜி'. பிரெஞ்சு மொழியில் மெழுகுவத்தி என்று அர்த்தம். அல்ஜீரியாவில் பூஜி என்றொரு துறைமுகம். அங்கிருந்து நல்ல மெழுகு போனதால் ஐரோப்பாவில் மெழுகுவத்திக்கு ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. மெழுகு பூசிய மருத்துவக் குச்சிக்கும் அதே பெயர்! பிற்பாடு மெழுகு போய், பாதரசம் நிரப்பிய ரப்பர் குழாய்கள் வந்தன. முதலில் மெல்லியது, பிறகு கொஞ்சம் தடித்தது என்று வரிசையாக நுழைத்து வழி ஏற்படுத்துவார்கள்.

மற்றவர்களுக்கு இது சரி. நம் குழந்தைகளுக்கு? குச்சி உரசிக்கொண்டே போகிறதே! உரசினால் மறுபடி கொப்புளம், மறுபடி தழும்பு. வைத்தியமே வியாதியைக் கூட்டுகிற நிலைமை.

வழி எங்கிருந்து வந்தது தெரியுமா? இதய மருத்துவத்திலிருந்து! ஜூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்ஸிக் என்ற டாக்டர், வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து குட்டி பலூன்கள் செய்து பார்த்தார். 1977 செப்டம்பரில், அப்படியொரு பலூனால் இதய ரத்தக்குழாய் அடைப்பை முதன்முதலாக விரித்துக் காட்டினார். 1980-களில் அந்த யோசனை உணவுக்குழாய்க்கும் வந்து சேர்ந்தது.

பலூனின் மகிமை அது அழுத்தும் திசையில் இருக்கிறது. குச்சி நீளவாட்டில் இழுத்துத் தேய்க்கும். பலூனோ சுருங்கிய நிலையில் மெல்லிய கம்பியைப் பிடித்துக்கொண்டு நழுவிப் போய், குறுகிய இடத்தில் நின்று பக்கவாட்டில் மட்டும் விரியும். எக்ஸ்-ரே திரையில் பார்த்தால் முதலில் பலூன் உடுக்கை மாதிரி தெரியும், நடுவில் ஒடுங்கி. உடுக்கையின் இடுப்பு மெள்ள மறைந்தால்... வழி திறந்தாச்சு!

அதற்குள் மயக்க மருந்து டாக்டருக்கும் சோதனைதான். முகத்தில் பிளாஸ்டர் ஒட்டக் கூடாது – பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வந்துவிடும். முகமூடியைக்கூட வழவழப்பான களிம்பு தடவித்தான் வைக்கிறார்கள்.

இதனால் நோய் தீர்ந்துவிடாது. சில மாதங்களிலோ வருடங்களிலோ குழாய் மறுபடி குறுகும், மறுபடி பலூன். 2023-ல், பழுதான மரபணுவுக்கு மாற்றாக நல்ல மரபணுவைச் சுமந்து செல்லும் ஒரு ஜெல்லுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பெரிய சாதனைதான். ஆனால் அது தோல்மேல் இருக்கும் புண்ணில் தடவுவதற்கு. தொண்டைக்குக் கீழே, அந்தக் குழந்தையின் அடுத்த வாய் சோற்றுக்கு வழிவிடுவது – அந்தச் சமையலறை மேஜை பலூனின் வாரிசுதான்!