பிறந்த ஊருக்கு விருந்தாளி

ஸ்மிர்னா என்ற பெயரை இன்றைய தேசப்படத்தில் தேடினால் கிடைக்காது. துருக்கியின் மேற்குக் கரையில், மத்திய தரைக்கடலின் கிளையான ஈஜியன் கடல் நிலத்துக்குள் நீளமாகப் புகுந்து முடிகிற இடத்தில், 'இஸ்மிர்' என்று அச்சடித்திருக்கும். துருக்கியர் அதை அப்படித்தான் அழைத்து வந்தார்கள். மற்ற உலகம் பின்னால் ஏற்றுக்கொண்டது. ஆனால் 1950-ம் வருஷக் கோடையில் அந்த ஊருக்கு வந்து இறங்கிய ஐம்பது வயதுப் பெரிய மனிதர் ஒருவருக்கு அது ஸ்மிர்னாதான். அங்காராவில் கிரேக்கத் தூதராலயத்தில் ஆலோசகர் பதவி. யோர்கோஸ் செஃபேரியாதிஸ் என்பது பெயர். செஃபேரிஸ் என்ற புனைபெயரில் கவிதை எழுதுகிறவர். பதின்மூன்று வருஷங்கள் கழித்து, 1963-ல், இலக்கியத்துக்கு நோபல் பரிசு வாங்கிய முதல் கிரேக்கர் அவர்.

1900-ல் அங்கே பிறந்தார். 1914-ல், பதினான்கு வயதில், குடும்பத்தோடு ஏதென்ஸுக்குப் போனார். முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு இப்போது வந்திருக்கிறார். குடியிருக்க அல்ல, பார்த்துவிட்டுப் போக. குடியிருப்பது என்பது அந்த ஊர்க் கிரேக்கருக்கு இனி இல்லை என்று வெகு தூரத்தில், சுவிட்சர்லாந்தில், எழுதிக் கையெழுத்தாகி அப்போதே இருபத்தேழு வருஷம் ஆகிவிட்டது.

அவருடைய பெயரிலேயே ஒரு பிரயாணம் இருக்கிறது. 'செஃபெர்' என்றால் துருக்கி மொழியில் பயணம். அரபியிலிருந்து அங்கே போன சொல். நம் கடற்கரை ஊர்களில் முஸ்லிம் வீடுகளில், கடல் தாண்டிப் பிழைக்கப் போனவரைச் 'சபராளி' என்பார்களே, அதே சொல்தான்.

அவர் விட்டுப் போன ஸ்மிர்னா எப்படிப்பட்ட ஊர்? கிரேக்கர், துருக்கியர், ஆர்மீனியர், யூதர், வியாபாரத்துக்கென்று வந்து தலைமுறைக் கணக்கில் தங்கிவிட்ட இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கிலக் குடும்பங்கள் எல்லாருமாகச் சேர்ந்து நடத்திய துறைமுகம். கிரேக்கர் கை ஓங்கியிருந்ததால் 'காஃபிர்களின் இஸ்மிர்' என்று பொருள்படத் துருக்கியரே அதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று 1867-க்கும் 1876-க்கும் நடுவில் கடலோரமாக நீண்ட கற்றுறை கட்டிக் கொடுத்தது. ஆங்கிலேயர் போட்ட ரயில் பாதை உள்நாட்டிலே அய்தின் வரைக்கும் போயிற்று. அந்த ரயிலில் அத்திப்பழம் இறங்கிவரும். உலர்ந்த திராட்சை வரும், புகையிலை வரும், கம்பளம் வரும். எல்லாம் கற்றுறையில் கப்பல் ஏறும்.

ஸ்மிர்னா அத்திக்கு அப்படி ஒரு பெயர். அதைப் பார்த்து ஆசைப்பட்டுக் கலிபோர்னியாக்காரர்கள் 1880-களில் செடிகளை வரவழைத்து நட்டார்கள். மரம் வளர்ந்தது, பிஞ்சு பிடித்தது, பிடித்த பிஞ்செல்லாம் உதிர்ந்தது. காட்டு அத்தியிலே குடியிருக்கும் ஒரு சின்னஞ்சிறு குளவி மகரந்தம் கொண்டுவந்து சேர்த்தாலொழிய அந்த ஜாதி பழுக்காது என்பதை மரம் விற்றவன் சொல்லவில்லையோ, வாங்கினவன் நம்பவில்லையோ! 1899-ல் குளவியும் கப்பலேறிப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அங்கே ஸ்மிர்னா அத்தி பழுத்தது.

மனிதர்களை இடம் மாற்றினவர்கள் இவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் உலக யுத்தத்தில் துருக்கி தோற்றது. 1919-ம் வருஷம் மே 15-ந் தேதி, வென்ற வல்லரசுகளின் சம்மதத்தோடு கிரேக்க ராணுவம் ஸ்மிர்னாவில் இறங்கியது. இறங்கிய அன்றே துருக்கியர் இரத்தம் தெருவில் சிந்தியது. பிறகு அந்தப் படை உள்நாட்டிலே வெகுதூரம் போய், முஸ்தபா கெமாலின் சேனையிடம் முறிந்து, திரும்பி ஓடிவருகையில் வழியிலிருந்த துருக்கிய ஊர்களுக்குத் தீ வைத்துக்கொண்டே வந்தது. ஸ்மிர்னாவின் எரிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமல்ல.

1922 செப்டம்பர் 9-ந் தேதி துருக்கியப் படை ஊருக்குள் வந்தது. 13-ந் தேதி ஆர்மீனியர் பேட்டையில் தீப் பிடித்தது. யார் வைத்த தீ என்பதில் இன்றும் வழக்கு உண்டு. துருக்கிய அரசின் சாதனை ஒன்று. பிற நாட்டுச் சரித்திராசிரியர்களில் பெரும்பாலோர் துருக்கியப் படையினரைத்தான் சுட்டுகிறார்கள். வழக்கில்லாத சங்கதி ஒன்று உண்டு. ஆர்மீனியர் பேட்டையும் கிரேக்கர் பேட்டையும் எரிந்தன. துருக்கியர் பேட்டையும் யூதர் பேட்டையும் தப்பின. பின்னால் நெருப்பு, முன்னால் கடல்; நடுவே அந்தக் கற்றுறையில் லட்சக்கணக்கான ஜனங்கள். துறைமுகத்தில் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, அமெரிக்கா தேசங்களின் போர்க்கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. நடுநிலைமை என்ற பெயரால் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றன. கடைசியில் ஆசா ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்கப் பாதிரியார், உருவத்தில் சிறியவர், முதுகு கூனியவர், ஊருக்கு வந்தே சில வாரங்கள்தான் ஆகியிருந்தன, அவர் கிரேக்க அரசை நெருக்கிக் கப்பல்களை வரவழைத்தார். செப்டம்பர் 24-ந் தேதி முதல் கப்பல் வரிசை வந்தது. பெண்களையும் குழந்தைகளையும் கிழவர்களையும் ஏற விட்டார்கள். வயது வந்த ஆண்களைப் பிரித்து உள்நாட்டுக்குக் கூலிப் பட்டாளமாக ஓட்டிப் போனார்கள்.

செஃபேரிஸ் அப்போது பாரிஸில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். வயது இருபத்திரண்டு.

நெருப்பு ஊரைத்தான் அழித்தது. திரும்பி வரும் வழியை அழித்தது காகிதம். 1923 ஜனவரி 30-ந் தேதி லொசான் நகரில் கிரீஸும் துருக்கியும் ஜனப் பரிமாற்ற உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டன. துருக்கியிலுள்ள கிரேக்க வைதிகக் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு. கிரீஸிலுள்ள முஸ்லிம்கள் துருக்கிக்கு. கட்டாயமாக. இஸ்தான்புல் கிரேக்கரும் மேற்குத் திரேஸ் முஸ்லிம்களும் மட்டும் விலக்கு. போனவர்கள் அந்தந்த அரசின் அனுமதியில்லாமல் திரும்பக் குடியேறக்கூடாது என்று முதல் ஷரத்தே சொல்லிவிட்டது. 1912 அக்டோபர் 18-க்குப் பிறகு ஏற்கெனவே போய்விட்டவர்களும் இதில் சேர்த்தி என்றது இன்னொரு ஷரத்து. ஆகவே 1914-ல், என்றாவது வரலாம் என்று கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போன குடும்பங்களும் அந்தக் கணக்கில் விழுந்தன. ஏறக்குறையப் பன்னிரண்டு லட்சம் பேர் ஒரு பக்கம். மூன்றரை, நாலு லட்சம் பேர் மறுபக்கம்.

யார் எந்த மொழி பேசுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அனதோலியாவின் உட்பகுதியில் துருக்கி மொழியைத் தவிர வேறொன்றும் அறியாத கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அந்த மொழியைக் கிரேக்க எழுத்தில் எழுதிப் படித்தவர்கள். அவர்கள் கிரீஸுக்குப் போய் ஊமையாக நின்றார்கள். கிரீட் தீவில் கிரேக்கமே தாய்மொழியான முஸ்லிம்கள் இருந்தார்கள். அவர்கள் இஸ்மிர்ப் பக்கத்துக் கரைக்கு வந்து, கிரேக்கர் காலி செய்த வீடுகளில் ஏறி, பக்கத்து வீட்டுத் துருக்கியன் பேச்சுப் புரியாமல் விழித்தார்கள். ஒரு நாவலாசிரியன் இப்படிக் கற்பனை செய்து எழுதியிருந்தால் நம்ப முடியவில்லை என்று வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள்.

இந்த ஏற்பாட்டின் நியாய அநியாயங்களைப் பற்றி 1928-ல் ஹேக் நகரில், சர்வதேசச் சட்டக் கழகத்தில், ஓர் ஏதென்ஸ் பேராசிரியர் விரிவாகச் சொற்பொழிவு செய்தார். பெயர் ஸ்டெலியோஸ் செஃபேரியாதிஸ். கவிஞரின் தகப்பனார். தகப்பன் சட்டமாகப் பேசினதை மகன் வாழ்நாளெல்லாம் கவிதையாக எழுதிக்கொண்டிருந்தார் என்று தோன்றுகிறது.

1930-ல் வெனிசெலோஸும் கெமாலும் சமாதானமானார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதே வருஷம் ஜூன் மாதத்தில், இரு தரப்பு அகதிகளும் விட்டுவந்த வீடு, நிலம், தோட்டத்துக்கான பாத்தியதையை இரண்டு அரசாங்கங்களும் ஒன்றுக்கொன்று கழித்துக் கணக்கை முடித்துக்கொண்டன. சொத்துக்காரனைக் கேட்கவில்லை. நான்கே வருஷத்தில், சமாதானத்துக்கான நோபல் பரிசை கெமாலுக்குக் கொடுக்கலாம் என்று வெனிசெலோஸே சிபாரிசு செய்தார்.

இங்கே கெமாலைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அவரும் ஒரு துறைமுகத்தின் பிள்ளை. 1881-ல் பிறந்தது சலோனிகாவில். இன்றைய கிரீஸின் தெசலோனிகி. 1912-ல் அந்த ஊர் கிரேக்கர் வசமாயிற்று. தாயார் சுபெய்தே ஹனும் அங்கிருந்து கிளம்பி இஸ்தான்புல் வந்தார். பிறகு அந்த அம்மாள் கண்மூடியது எங்கே தெரியுமா? இஸ்மிரில், 1923 ஜனவரி 14-ந் தேதி. லொசானில் கையெழுத்தாவதற்குப் பதினாறு நாள் முன்பு. வளைகுடாவின் அக்கரையில் கர்ஷியாக்காவில் சமாதி இருக்கிறது. மகன் சலோனிகாவை மறுபடி பார்க்கவே இல்லை. பார்க்க விரும்பினாரா என்று எனக்குத் தெரியாது. வென்றவர்களுக்கு அந்தப் பேச்சு அழகில்லை போலும்.

செஃபேரிஸ் 1950-ல் என்ன பார்த்தார்? எரிந்த பேட்டைகள் இருந்த இடத்தில் பெரிய பூங்கா ஒன்று இருந்தது. இடிபாடுகளை அகற்றி நகரசபை 1936-ல் திறந்த 'கலாசாரப் பூங்கா' அது. வருஷாவருஷம் அங்கே சர்வதேசப் பொருட்காட்சி நடக்கும். மரம் நிழல் தரத் தொடங்கியிருக்கும், குழந்தைகள் ஓடியாடுவார்கள். அந்தக் குழந்தைகளிடம் போய்ச் சண்டை போட முடியுமா? அவர்களில் எத்தனை பேருடைய பாட்டிமார் கிரீட்டை நினைத்து அழுகிறவர்களோ!

ஆனால் அவர் மனம் கிடந்தது நகரத்தில் அல்ல. மேற்கே, உர்லா என்ற ஊரின் படகுத்துறை, ஸ்காலா. கிரேக்கர் அதை வூர்லா என்பார்கள். பாட்டி வீடு அங்கேதான். கோடை விடுமுறைகளெல்லாம் அங்கே கழிந்தன. செம்படவர்கள், படகுகள், எதிரே சின்னத் தீவு. அனக்ஸகோரஸ் என்ற பண்டைய தத்துவ ஞானி பிறந்த கிளாஸோமினே நகரம் அந்த இடம்தான். அந்த ஞானியும் ஊரைவிட்டு ஏதென்ஸுக்குப் போனவர்தான் என்பதை நான் இட்டுக்கட்டவில்லை. தனக்குச் சொந்த ஊர் என்றால் அந்தத் துறைதான் என்று செஃபேரிஸ் கருதினார். அங்கும் போனார். அந்தப் பிரயாணத்தை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஆங்கிலத்திலும் 1974-ல் வந்திருக்கிறது. 'என்னுடையதைக் கொடு' என்ற குரல் அதில் எனக்குக் கேட்கவில்லை. அவர் எழுதிய மற்ற எதைக் காட்டிலும் அந்தப் பக்கங்களை நான் அதிகம் விரும்புவதற்கு அதுவே காரணம். வீடு போன கோபத்தில் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அந்த வீட்டில் இப்போது விளக்கேற்றுகிறவளையும் பார்க்கிறவர்கள் சொற்பம்.

அவர் 1971-ல் காலமானார். இஸ்மிருக்கு மேற்கே செஷ்மே என்ற துறையிலிருந்து எதிர்க்கரைக் கிரேக்கத் தீவான கியோஸுக்கு இப்போது படகு போகிறது. அதில் ஒரு பக்கம் கிரேக்கக் கிழவர்களின் பேரன் பேத்திகள் தாத்தா சொன்ன கிணற்றைத் தேடி வருகிறார்கள். மறுபக்கம் துருக்கியப் பேரன் பேத்திகள் கிரீட்டுக்கும் தெசலோனிகிக்கும் போகிறார்கள். கையில் மங்கிய புகைப்படம் இருக்கும். கடவுச் சீட்டில் சில நாள் தங்க அனுமதி என்று முத்திரை இருக்கும். கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து வருகிறவர், முகத்தைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டு, காப்பி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுப்பாராம்.