கித்தார் மிதிப்பலகை

கித்தார் மிதிப்பலகை என்பது மின் கித்தாரின் ஒலியை மாற்றும் மிதிகருவிகளை வரிசையாகப் பொருத்திவைக்கும் பலகை ஆகும். இது பெடல் போர்டு எனவும் வழங்கப்படுகிறது. இத்தகைய மிதிகருவிகளுள் தொடக்க காலத்தது 1962 இல் வெளிவந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்.

இடமும் ஆயத்த நேரமும் குறைந்த சிறிய அரங்குகளுக்குச் சுருதிகாட்டி, ஓவர்டிரைவ், டிலே ஆகிய மூன்றே பெரும்பாலும் போதுமானவை. எதிரொலி தரும் டிலே, ஓவர்டிரைவுக்குப் பின் அமைவது வழக்கம். முன்னால் வைத்தால் எதிரொலிகளும் சிதைந்து ஒன்றோடொன்று கலங்கும். கருவிகள் தொடராக இணைக்கப்படுவதால், ஓர் இணைப்புக் கம்பி பழுதானாலும் ஒலி முழுவதும் நின்றுவிடும். கருவிகளைக் குறைப்பதற்கு இதுவே வலுவான காரணம்.

மின்வழங்கலே அதிகம் கவனிக்கப்படாத பகுதி. பெரும்பாலான மிதிகருவிகள் 9 வோல்ட்டு நேர் மின்னோட்டத்தில், செருகியின் நடுமுனை எதிர்முனையாக இயங்குகின்றன. ஒப்புமை ஓவர்டிரைவுக்குச் சில மில்லிஆம்பியரே போதும். எண்ணிம டிலேக்கு 100 மில்லிஆம்பியர் வரையும் அதற்கு மேலும் தேவைப்படலாம். இவற்றின் கூட்டுத்தொகை வழங்கியின் அளவை மீறக்கூடாது. ஒரே கம்பியிலிருந்து பகிர்ந்தால் எண்ணிமக் கருவியின் இரைச்சல் மற்றவற்றில் கலக்கக்கூடும். தனிப்படுத்திய வெளியீடுகள் கொண்ட வழங்கி இதைத் தவிர்க்கும். நேர்முனையைப் புவியாகக் கொண்ட பழைய செருமேனியம் ஃபஸ் கருவிகளைப் பிறவற்றுடன் பகிர்ந்தால் குறுக்குச்சுற்று ஏற்படும்.

பல்விளைவுக் கருவி இவ்விணைப்புகளை ஒரே பெட்டிக்குள் அடக்குகிறது. எனினும் வீட்டில் காதணி ஒலிபெருக்கியில் அமைத்த ஒலி, அரங்கின் உரத்த ஒலியில் வேறாகக் கேட்கும்.