பிச்சைக்கு உதவாத கைகள்

சென்னையிலிருந்து விழுப்புரத்துக்கு பஸ்ல போனவங்க மதுராந்தகம், திண்டிவனம்னு ஜன்னல் வழியா போர்டு பார்த்திருப்பீங்க. அந்த வழியில மதுராந்தகத்துக்குப் பக்கத்துல, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர் பொலம்பாக்கம். 1955-ல் பெல்ஜியத்திலிருந்து வந்த டாக்டர் ஹெமரிக்ஸ் அங்கே ஒரு தொழுநோய் மையம் தொடங்கினார். டாக்டர் கிளேர் வெல்லூட்டும் கூட இருந்தார். நோயாளிகளை எங்கோ கொண்டுபோய் அடைக்காமல், ஊர் ஊராகப் போய் மரத்தடியிலேயே வைத்தியம் பார்த்தார்கள்.

மாத்திரை கிருமியைக் கொல்லும். மடங்கிப்போன விரலை நிமிர்த்தாது. அதுக்கு வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் ஒரு வழி கண்டுபிடிச்சார். நல்லா இயங்கும் தசைநாணை எடுத்து, செயலிழந்த விரலோடு இணைக்கும் ஆபரேஷன். கை திறந்தது, மூடியது. கொஞ்ச நாள் கழிச்சு சில நோயாளிகள் திரும்பி வந்து குறைப்பட்டார்களாம்: இந்தக் கையைப் பார்த்து யாரும் பிச்சை போடறதில்ல, வேலையும் கொடுக்கறதில்ல.

எனக்கு இந்த இடத்தில் தூக்கிவாரிப் போட்டது. பக் ஃபிக்ஸ் ஆயிடுச்சு, சிஸ்டம் மட்டும் ஓடலை!

1951-ல் பிராண்ட் 'நியூ லைஃப் சென்டர்' தொடங்கியது இதனால்தான். மரப் பொம்மை செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். கையில் உணர்ச்சி இருக்காது, சுத்தியலை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம்னே தெரியாது, தோல் புண்ணாயிடும். அதனால கருவிகளின் பிடியையே மாத்தினாங்க.

தறிக்கும் இதே சிக்கல்தான். கை மட்டுமில்ல, மிதியை மிதிக்கிற பாதமும் மரத்துப்போயிருக்கும். அப்படியும் இதை நடத்திக்காட்டிய இடம் கொல்கத்தா பக்கத்து டிட்டாகர். 1958-ல் அன்னை தெரசாவின் சபை அங்கே 'காந்திஜி பிரேம் நிவாஸ்' தொடங்கியது. வெள்ளைப் புடவை, மூணு நீலக் கரைன்னு நமக்கெல்லாம் தெரிஞ்ச அந்தப் புடவையை நெய்யறவங்க அங்கே இருக்கிற தொழுநோயாளிகளும் குணமானவர்களும்தான். வருஷத்துக்குச் சுமார் 4,000 புடவை, உலகம் முழுக்க இருக்கிற கன்னியாஸ்திரீகளுக்குப் போகுது.

ஃபேர் டிரேட்னு சொன்னாலே நாம நியாயமான விலையைத்தான் யோசிக்கிறோம். வருஷா வருஷம் நிக்காம வர்ற ஆர்டரும் அதில் பாதின்னு எனக்குத் தோணுது. இரக்கப்பட்டு ஒரு தடவை வாங்கறவங்களை நம்பி தறியில பாவு ஏத்த முடியாது. டிட்டாகர்ல நெய்யறதை வாங்கறவங்க தினமும் அதையே உடுத்தறாங்க. 2016-ல் அந்த நீலக் கரை டிரேட்மார்க்காவும் பதிவாச்சு, சபையின் பேரில்.